வாகனத்தின் அடித் தகட்டை வெல்டிங்கில் ஒட்டவா, போல்ட்டில் பூட்டவா?

அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் பக்கத்திலிருந்து ஒரு ஆசிரியர் எனக்கு எழுதியிருக்கிறார். ஊரின் பெயர், வாகனத்தின் கம்பனி, இலக்கம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன். நாலு பக்கக் கடிதம். சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான்.

அவரிடம் 2011ஆம் ஆண்டு டீசல் டபுள் கெப் (இரண்டு வரிசை இருக்கைக்குப் பின்னால் சாமான் தட்டு உள்ள வாகனம்) ஒன்று இருக்கிறது, நாலு சில்லும் இழுக்கிற வகை. கிழமை நாட்களில் பள்ளிக்கூடம், சனி ஞாயிறு சாகாமத்துக்கு அப்பால் ஆறு ஏக்கர் வேளாண்மை. கதிர்காமப் பாதயாத்திரைக் காலத்தில் அடியார்களுக்குத் தண்ணீரும் சாமானும் ஏற்றிக்கொண்டு பாணமை தாண்டி உகந்தை வரை போய்வருவார். போன பெரும்போகத்தில் வட்டைப் (வயல்வெளிப்) பாதையில் தண்ணீருக்குள் மறைந்திருந்த ஒரு மரத்தின் அடிக்கட்டை, எஞ்சினுக்குக் கீழே ஒயில் நிற்கும் தொட்டியான ஒயில் சம்பில் இடித்துவிட்டது. ஒயில் விளக்கு எரிந்தது. "வாடி வரைக்கும் போயிடலாம் எண்டு நினைச்சன்" என்று எழுதுகிறார் (வாடி என்பது வயல் குடிசை). அரைக் கிலோமீற்றர் ஓட்டியிருக்கிறார். சம்ப் மாற்றியதோடு தப்பினார், எஞ்சின் பிழைத்தது.

அன்றிலிருந்து அடியில் ஒரு காப்புத் தகடு போடவேண்டும் என்ற எண்ணம். அக்கரைப்பற்றில் வெல்டிங் கடை வைத்திருக்கும் மச்சான், 6 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டை முன் பம்பரிலிருந்து கியர் பெட்டி வரை நேரடியாகச் செசியில் (வாகனத்தைத் தாங்கும் அடிச்சட்டத்தில்) வெல்டிங் செய்து ஒட்டித் தருவதாகச் சொல்கிறார். "ஒரு நாள் வேலை, ஆனை மிதிச்சாலும் அசையாது." அவுஸ்திரேலியாவில் இருக்கும் சித்தப்பா மகனோ, அலுமினியத் தகடு வாங்கி போல்ட்டில் பூட்டு என்று படம் அனுப்பியிருக்கிறார். இதற்கிடையில் மச்சான் ஒரு பின்னேரம் இரண்டு எல் இரும்புத் துண்டுகளைச் செசியின் கீழ்ப்பக்கத்தில் ஒட்டியும்விட்டார். கரண்ட் போனதால் வேலை அத்தோடு நின்றது. கிறவல் வீதியில் போல்ட் கழராதா, தகட்டிலேயே ஒரு கொக்கி ஒட்டினால் புதையும்போது இழுக்க உதவாதா, மச்சானின் மனம் நோகாமல் எப்படி மறுப்பது என்று கேட்கிறார்.

தம்பிக்கு,

கரண்ட் போனது நல்லது. மச்சானின் கைவேலையில் குறை கண்டு இதைச் சொல்லவில்லை. படத்தில் பார்த்தேன், ஒட்டு அழகாகத்தான் ஓடியிருக்கிறது. பிரச்சினை ஒட்டிய இடத்தில்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தகட்டை வாகனத்தில் போல்ட்டில் பூட்டுங்கள். வெல்டிங் எல்லாம் தகட்டோடு, பட்டறை மேசையில் வைத்து நடக்கட்டும். செசியில் நெருப்பு படவேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் இதை மச்சானிடம் விளக்கவேண்டியிருக்கும். அவர் தொழில் தெரிந்தவர், அரைகுறைக் காரணம் சொன்னால் ஏற்கமாட்டார்.

உறுதி என்று எதைச் சொல்கிறோம்

உங்கள் கடிதத்தில் ஒரு எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது: ஒட்டினால் உறுதி, போல்ட் போட்டால் தற்காலிகம். வீட்டுக் கேற்றுக்கு அது சரி. வாகனத்தின் அடியில் கேள்வியே வேறு. கல்லோ கட்டையோ இடிக்கும்போது அந்த அடி எங்கேயாவது போய்த்தான் ஆகவேண்டும். எதை வளையவிடப் போகிறோம்? தகடு நெளிந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம். தாங்கி வளைந்தால் புதிதாக ஒன்று வெட்டலாம். செசி நெளிந்தாலோ வெடித்தாலோ உங்கள் வாகனமே போயிற்று. ஆகவே தகடும் செசியும் சந்திக்கும் இடம், தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கிற இடமாக இருக்கவேண்டும். மச்சான் செய்ய நினைப்பது அந்த இடத்தையே எல்லாவற்றிலும் உறுதியானதாக்குவது.

டபுள் கெப்பின் செசி ஏணியைப் போன்றது. நீளமாக இரண்டு சட்டங்கள், குறுக்கே படிகள். பாரம் ஏற்றிக் குழியில் விழும்போது சட்டம் வளையப் பார்க்கிறது. அந்த வளைவை மேல் விளிம்பும் கீழ் விளிம்பும்தான் பெரும்பாலும் தாங்குகின்றன, பக்கவாட்டின் நடுப்பகுதிக்கு வேலை குறைவு. மச்சானின் இரண்டு துண்டுகளும் கீழ் விளிம்பில், அதுவும் குறுக்காக, ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒட்டின் ஓரத்தில் இரும்பு திடீரெனத் தடிப்பு மாறுகிறது. ஒவ்வொரு குழிக்கும் விசை அந்த ஓரத்தில் வந்து குவியும். வெல்டிங் சூட்டில் பக்கத்து இரும்பின் குணமும் மாறிவிடும். இந்தக் காலத்துச் செசிகள் பலவற்றில் பாரம் குறைக்க உயர்வலு உருக்கு பாவிக்கிறார்கள். சூடுபட்ட இடத்தில் அந்த உருக்கு தன் பலத்தில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது. செசியில் கண்டபடி ஒட்டாதே, விளிம்பில் துளை போடாதே என்று தயாரிப்பாளர்கள் கைநூல்களில் எச்சரிப்பது சும்மா இல்லை.

சில வருடங்களுக்கு முன் மட்டக்களப்புப் படுவான்கரையிலிருந்து ஒரு பையன், அடியில் தகடு ஒட்டிய ஒரு கெப்பை என் கராஜுக்குக் கொண்டுவந்தான். தகட்டைப் பற்றி அவனுக்கு முறைப்பாடே இல்லை. ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறது, பள்ளத்தில் இறங்கினால் "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சில்லுச் சீரமைப்பு மூன்று தரம் செய்திருந்தான். நாங்கள் அடியைக் கழுவி, கம்பித் தூரிகையால் சுரண்டி, டோர்ச்சைச் சாய்த்து அடித்தபோது தெரிந்தது: தகட்டை ஒட்டிய வெல்டிங் முடிகிற இடத்தில், தலைமயிர் தடிப்பில் ஒரு சிவந்த கறள் கோடு. விரல் நகத்தை வைத்து இழுத்தால் நகம் தட்டுப்பட்டது. கோடு கீழ் விளிம்பிலிருந்து பக்கவாட்டில் இரண்டு அங்குலம் ஏறியிருந்தது. வெல்டிங் உடையவில்லை. முத்துமாலை போல அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்துச் செசிதான் வெடித்திருந்தது. அந்தப் பையன் தகட்டைக் காட்டிச் சொன்னான், "பாருங்க சேர், இது அசையவே இல்ல." உண்மைதான்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கேடும் உண்டு. உங்கள் செசிச் சட்டம் பெட்டி வடிவம், உள்ளே வெற்றிடம். வெளியே ஒட்டும்போது உள்பக்கத்துப் பெயின்டும் எரிந்துவிடும். வெளியே நீங்கள் திரும்பப் பெயின்ட் அடிப்பீர்கள். உள்ளே யார் அடிப்பது? கடற்கரையோரம் வீடு, சேற்று வயல், உகந்தைப் பக்கத்து மணல். உங்கள் வாகனம் ஓடுவது உப்பும் ஈரமும் சேர்ந்த ஊரில். கறள் உள்ளேயிருந்து தின்றுகொண்டு வரும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

பராமரிப்பைப் பற்றி ஒரு வரியில் சொல்லிவிடலாம்: ஒட்டிய தகட்டை ஒயில் மாற்றவும் கிறைண்டர் இல்லாமல் கழற்றமுடியாது.

போல்ட் கழரும் என்ற பயம்

இந்தப் பயம் நியாயமானது. கழன்று விழுந்த தகடுகளை நானே பாதையோரத்தில் கண்டிருக்கிறேன். ஆனால் அவை போல்ட் என்பதால் கழரவில்லை, பூட்டிய விதத்தால் கழன்றவை.

முதலில் பலத்தைப் பார்ப்போம். தலையில் 8.8 என்று பலத்தைக் காட்டும் இலக்கம் குத்தியிருக்கும் எம் 10 (10 மில்லிமீற்றர்) போல்ட் ஒன்றை நேரே இழுத்து அறுக்க 4 தொன்னுக்கு மேல் விசை வேண்டும். குறுக்கே வெட்டும் விசை என்றால் அதில் சுமார் 60 வீதம். ஆறு இடத்தில் அப்படி ஒன்றைப் போட்டால் மொத்தப் பலம் உங்கள் வாகனத்தின் பாரத்தைப் பல மடங்கு தாண்டும். ஆகவே "போல்ட் அறுந்துவிடும்" என்பது கவலையே இல்லை. ஒன்று மட்டும்: தலையில் இலக்கமே இல்லாத, கிலோக் கணக்கில் நிறுத்து விற்கும் போல்ட்டை வாங்கவேண்டாம்.

போல்ட் கழருவதற்குப் பெரும்பாலும் காரணம் அதன் இறுக்கம் தளர்வதுதான். தடித்த பெயின்டுக்கு மேலேயே இறுக்கினால், சில நாளில் பெயின்ட் நசுங்கி உதிர்ந்து இறுக்கம் போய்விடும். தகட்டுக்கும் தாங்கிக்கும் இடையில் சும்மா ஒரு ரப்பர் துண்டை வைத்தாலும் அதேதான். சத்தம் வராமல் இருக்க ரப்பர் வேண்டும் என்றால், போல்ட்டைச் சுற்றி ஒரு சிறிய இரும்புக் குழாய்த் துண்டு வையுங்கள். இறுக்கத்தைக் குழாய் தாங்கட்டும், அதிர்வை ரப்பர் வாங்கட்டும்.

எம் 10, 8.8 போல்ட்டுக்கு உலர்ந்த மரையில் (புரியில்) 45 முதல் 50 நியூட்டன் மீற்றர் போதும். மரையில் கிறீஸ் பூசினால் அதைவிடக் குறைவாகவே இறுக்கவேண்டும். அதே கைவிசைக்குப் போல்ட் கூடுதலாக இழுபடும் என்பதால்தான். இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள். ஸ்பேனருக்குப் பின்னால் குழாய் மாட்டி ஏறி நிற்கும் பழக்கம் வேண்டாம். நட்டுக்கு உள்ளே நைலோன் வளையம் உள்ள வகை நல்லது, ஆனால் சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் நைலோன் சூட்டில் இளகிவிடும். அங்கே முழுவதும் உலோகத்தாலான பூட்டு நட் போடுங்கள்.

இறுக்கியதும், நட்டிலிருந்து தகடு வரை வெள்ளைப் பெயின்டால் ஒரு நேர்கோடு இழுத்துவிடுங்கள். கோடு முறிந்திருந்தால் நட் அசைந்திருக்கிறது. வயலுக்குப் போகுமுன் குனிந்து ஒரு பார்வை, அவ்வளவுதான். முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் எல்லாவற்றையும் திரும்ப ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். அதற்குப் பிறகு அடிக்கடி தொடவேண்டியிராது.

எங்கே பூட்டுவது? உங்கள் வாகனத்தின் அடியில் கம்பனி போட்ட மெல்லிய சேற்றுத் தகடு ஒன்று இருந்திருக்கும். அதைப் பூட்டிய மரைத்துளைகள் செசியிலும் முன் குறுக்குச் சட்டத்திலும் இப்போதும் இருக்கும், சேறு அடைத்திருக்கலாம். மரைவெட்டியால் சுத்தம் செய்து அவற்றையே பாவியுங்கள். போதாவிட்டால் சட்டத்தைச் சுற்றிப் பிடிக்கும் கவ்வித் தாங்கிகள் செய்யலாம். கியர் பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம் போல்ட்டில்தான் இருக்கிறது. ஜாக்கியால் கியர் பெட்டியைத் தாங்கிவைத்து அதைக் கழற்றி, வெளியே வைத்துத் தாங்கியை ஒட்டிப் பெயின்ட் அடித்துத் திரும்பப் பூட்டலாம். மச்சானுக்கு அங்கே வெல்டிங் வேலையும் உண்டு, செசிக்குச் சூடும் இல்லை.

வேறு வழியே இல்லாமல் துளை போடுவதென்றால் பக்கவாட்டின் நடு உயரத்தில் மட்டும். மேல், கீழ் விளிம்புகளில் துளை, வெல்டிங்கைப் போலவே கேடு. பெட்டிச் சட்டத்தை ஊடுருவிப் போல்ட் போடும்போது உள்ளே ஒரு குழாய்த் துண்டு செருகாவிட்டால், இறுக்க இறுக்கப் பெட்டி நசுங்கும்.

தடிப்பு, உலோகம், வடிவம்

6 மில்லிமீற்றர் என்று மச்சான் சொல்வது பாசத்தில். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீற்றர் இரும்புத் தகடு, ஒவ்வொரு மில்லிமீற்றர் தடிப்புக்கும் ஏறத்தாழ 7.85 கிலோ. பம்பரிலிருந்து கியர் பெட்டி வரை ஒன்றரைச் சதுர மீற்றர் என்று வைத்தால் 6 மில்லிமீற்றரில் 70 கிலோ வந்துவிடும். ஒரு ஆளை எப்போதும் எஞ்சினுக்குக் கீழே கட்டித் தொங்கவிட்டு ஓட்டுவது போல. முன் சுருள் தாழும், தகட்டின் தடிப்பும் தாங்கியும் சேர்ந்து நிலத்துக்கும் வாகனத்துக்கும் உள்ள இடைவெளியை இன்னும் குறைக்கும். முன்பு தட்டாத கட்டையெல்லாம் இனித் தட்டும்.

நான் சொல்வது 4 மில்லிமீற்றர் இரும்பு, சம்புக்கும் ரேடியேட்டரின் கீழ்ப்பக்கத்துக்கும் மட்டும் ஒரு துண்டு. 60க்கு 80 சென்ரிமீற்றர் போதும், 15 கிலோ. தட்டையாக விடாமல் இரு ஓரத்தையும் ஓர் அங்குலம் மேல்நோக்கி மடித்து, நடுவில் நீளவாக்கில் இரண்டு மடிப்பு எடுத்தால் தட்டையான 6 மில்லிமீற்றரை விட விறைப்பாக நிற்கும். தகரம் வளைவு வளைவாக இருப்பதால்தான் கூரையில் ஆள் ஏறி நடக்கமுடிகிறது, அதே தத்துவம். கியர் பெட்டிக்கு வேண்டுமென்றால் இரண்டாவது துண்டு, 3 மில்லிமீற்றரில். முதல் தகட்டின் பின் ஓரம் இரண்டாவதின் முன் ஓரத்துக்குக் கீழே வரவேண்டும். ஓட்டுக் கூரையைத் தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்னுக்குப் போகும்போது கட்டையில் மாட்டுவதற்கு விளிம்பே இருக்காது. போல்ட் தலைகள் தகட்டின் மட்டத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தால் கல் அவற்றை உருட்டி மழுங்கடித்துவிடும், பிறகு ஸ்பேனர் பிடிக்காது. தலையைச் சுற்றி ஒரு சிறு குழிவு அடிக்கச் சொல்லுங்கள்.

அலுமினியம் நல்ல பொருள்தான். 6 மில்லிமீற்றரில் அதே துண்டு 8 கிலோவுக்குள் வரும். ஆனால் கூரான கல்லில் இரும்பு சறுக்கும், அலுமினியம் கீறுபட்டுப் பிடித்துக்கொள்ளும். அலுமினியமும் இரும்புப் போல்ட்டும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால், தொடும் இடத்தில் அலுமினியம் வெள்ளைத் தூளாக அரித்துப்போகும். இடையில் பிளாஸ்டிக் வளையம் வைத்துச் சமாளிக்கலாம். நெளிந்தால் அக்கரைப்பற்றில் இரும்பை ஒட்ட ஆள் இருக்கிறது, அலுமினியத்தை ஒழுங்காக ஒட்ட ஆள் தேடவேண்டும். சித்தப்பா மகன் ஓட்டும் நிலம் வேறு, கடை வேறு. உங்களுக்கு இரும்பே தோது.

பின் டிஃபரன்ஷியலுக்கும் (பின் அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டிக்கும்) ஒரு கவசத்தை அச்சில் ஒட்டலாமா என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். வேண்டாம். அச்சுக் குழாய் சூட்டில் மில்லிமீற்றரின் ஒரு பங்கு வளைந்தாலே ஒயில் சீல் கசியும், பெயரிங் கத்தும். தேவையென்றால் கவ்வியில் பிடிக்கும் கவசம் போடுங்கள்.

வைக்கோல்

இதைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். எங்கள் பக்கத்து வயல்களில் தகட்டின் மிகப்பெரிய எதிரி கல் இல்லை. வெட்டு மெசின் போனபிறகு வட்டையில் கிடக்கும் வைக்கோலும், பாதையின் நடுவே காய்ந்து நிற்கும் இலுக்குப் புல்லும் தகட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையில் புகுந்து அடைந்துகொள்கின்றன. மேலே ஒயில் கசிவு ஒரு சொட்டு, பக்கத்தில் சைலன்சர் குழாய். தகடு இல்லாத வாகனத்தில் வைக்கோல் விழுந்துவிடும். தகடு போட்டால் அது கூடை. கையில் தீயணைப்புக் கருவி இல்லாமல் வயலுக்குள் எரிந்த வாகனத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களோடு பேசியிருக்கிறேன். அவர்கள் சொல்வது ஒன்றுதான்: முதலில் வந்தது புகையில்லை, வைக்கோல் கருகும் மணம்.

ஆகவே சைலன்சர் குழாய்க்குக் கீழே தகட்டை மூடவேண்டாம். தகட்டில் காற்றும் தண்ணீரும் போக நீளத் துளைகள் வேண்டும், வாயைப் பின்னோக்கி வைத்து. ஒயில் வடிக்கும் திருகுக்கு நேரே ஒரு கை நுழையும் துளை வேண்டும். அறுவடை நாட்களில் ஒவ்வொரு முறையும் வயலை விட்டு வெளியேறுமுன் குனிந்து அடைசலை இழுத்துவிடுங்கள். ஒரு கிலோ தூள் தீயணைப்பான் இருக்கைக்குக் கீழே இருக்கட்டும்.

சேற்றுக்கும் இதே கதை. விதைப்புக் காலத்துக் களி தகட்டுக்கு மேல் அரை அங்குலம் படிந்து காய்ந்தால் அது பத்துப் பதினைந்து நாள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். போகத்துக்கு ஒரு தடவை, விதைப்பு முடிந்தோ அறுவடை முடிந்தோ, தகட்டை இறக்கிக் கழுவிப் பெயின்ட் தொட்டு ஏற்றுங்கள். ஆறு போல்ட்டுக்கு ஒரு மணித்தியாலம்.

கொக்கி

தகட்டில் இழுவைக் கொக்கி ஒட்டும் எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். சேற்றில் வயிறு வரை புதைந்த கெப்பை உழவு மெசின் கட்டி இழுக்கும்போது கயிற்றில் வரும் விசை வாகனத்தின் பாரத்தையே தாண்டும். தகடு கீழிருந்து வரும் அடியைத் தாங்க வடிவமைத்தது, முன்னோக்கி இழுக்க இல்லை. கொக்கி பிய்த்துக்கொண்டால் அது இழுக்கிறவரின் முதுகுக்கோ உங்கள் முன் கண்ணாடிக்கோ வரும். கம்பனி செசியில் கொடுத்திருக்கும் இழுவைக் கண்ணையே பாவியுங்கள். வரும்போது கப்பலில் கட்டுவதற்காகக் கொடுத்த மெல்லிய வளையமும் பக்கத்தில் இருக்கும், அது வேறு, ஏமாறவேண்டாம். இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஒரு நனைந்த சாக்கைப் போட்டு, ஆட்களை விலக்கி நிறுத்துங்கள்.

செசி இலக்கமும் காப்புறுதியும்

பல டபுள் கெப்களில் செசி இலக்கம் முன் வலப்பக்கச் சட்டத்தில், சில்லுக்கு அருகில் குத்தப்பட்டிருக்கும். மச்சான் ஒட்ட நினைத்த இடத்துக்கு இது மிகக் கிட்ட. கிறைண்டர் அந்த எழுத்தைத் தொட்டுவிட்டால் நாளைக்கு வாகனத்தை விற்கும்போது, பெயர் மாற்றும்போது, ஏன் சோதனைச் சாவடியில்கூட, நீங்கள் குற்றமற்றவர் என்று நிரூபிக்க அலையவேண்டிவரும். இன்றைக்கே அந்த இடத்தைத் தேடிக் கழுவிப் படம் எடுத்துவையுங்கள்.

காப்புறுதியில் "தகடுதானே, யார் கேட்கப்போகிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். விபத்து நடந்தபின் கேட்பார்கள். வாகனத்தில் செய்த மாற்றத்தைச் சொல்லாமல் விட்டதைக் காரணம் காட்டி இழப்பீட்டைக் குறைக்கவோ மறுக்கவோ இடமுண்டு. கழற்றக்கூடிய தகடு என்றால் ஒரு கடிதத்தில் அறிவித்து, பெற்றுக்கொண்டதாக ஒரு முத்திரை வாங்கினால் முடிந்தது. செசியில் வெல்டிங் என்றால் அந்தக் கடிதத்தை எழுதவே உங்களுக்குக் கை வராது. வாகனத்தில் எயர் பேக் இருந்தால் இன்னொன்று: முன் சட்டங்கள் மோதலில் குறிப்பிட்ட விதமாக நசுங்கவேண்டும். இரண்டையும் ஒரு தகட்டால் ஒட்டிப் பிணைத்தால் அந்தக் கணக்கு மாறும்.

ஏற்கெனவே ஒட்டிய இரண்டு துண்டுகள்

சுத்தியலால் அடித்து உடைக்கவேண்டாம், செசியையும் பிய்த்துக்கொண்டு வரும். வேலை தொடங்குமுன் பற்றரியின் இரண்டு வயரையும் கழற்றுங்கள். அன்று ஒட்டும்போது கழற்றினார்களா என்று நீங்கள் சொல்லவில்லை. கழற்றாவிட்டால், டாஷ்போட்டில் புதிதாக ஏதும் விளக்கு எரிகிறதா, பற்றரி ஒழுங்காகச் சார்ஜ் ஆகிறதா என்று பாருங்கள். வெல்டிங் மின்னோட்டம் எஞ்சினின் கணினிப் பெட்டியையும் அல்டர்நேட்டரையும் கெடுக்கக்கூடும். செசியின் உட்பக்கத்தை ஒட்டி ஓடும் பிரேக் குழாய், டீசல் குழாய், வயர் கட்டு மூன்றிலும் தீப்பொறி பட்ட கரும்புள்ளி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

பிறகு எல் இரும்பை ஒட்டுக்குக் கிட்ட வெட்டி, மிச்சத்தைக் கிறைண்டரின் தேய்க்கும் தட்டால் மெதுவாகக் குறையுங்கள். செசி மட்டத்துக்கு ஒரு மில்லிமீற்றர் மேலேயே நிறுத்தி, மிஞ்சும் அந்த ஒட்டை மணல் தாளால் சட்டத்தின் நீளவாக்கில் தேயுங்கள். குறுக்காகத் தேய்த்த கீறல்களே பிறகு வெடிப்புத் தொடங்கும் இடமாகும். சுத்தமானதும் சாயப் பரிசோதனை செய்யுங்கள்: சிவப்புச் சாயம் தெளித்து, துடைத்து, வெள்ளைத் தூளை ஊதினால் மயிர்வெடிப்பு சிவப்புக் கோடாக எழும். மூன்று டின் சேர்ந்த பெட்டியாகக் கொழும்பில் விற்கிறார்கள், மட்டக்களப்பிலும் சொல்லிவைத்தால் எடுத்துத் தருவார்கள். கோடு எழாவிட்டால் சிங்க் கலந்த முதற்பூச்சு, மேலே பெயின்ட். பெட்டிச் சட்டத்தின் உள்ளே, பக்கத்துத் துளை வழியாக நீளக் குழாய் மாட்டிய மெழுகுத் தெளிப்பான் அடியுங்கள். உள்ளே எரிந்த இடத்துக்கு அது ஒன்றுதான் மருந்து.

மச்சானிடம் மறுப்பாகப் போகாதீர்கள், வேலையோடு போங்கள். 4 மில்லிமீற்றர் தகட்டை வெட்டி, மடித்து, குழிவடித்து, தாங்கிகளைத் தகட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். அது செசியில் ஒட்டுவதைவிட நுணுக்கமான வேலை, இரண்டு நாள் பிடிக்கும், அதற்கேற்ற கூலியையும் கொடுங்கள். அளவெடுக்கத் தகட்டை வெட்டவேண்டாம். முதலில் பழைய அட்டைப் பெட்டியை அடியில் பிடித்து வெட்டிப் பாருங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பியும், எஞ்சினை ஓடவிட்டுக் குலுங்கவைத்தும் எங்கே முட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சம்புக்கும் தகட்டுக்கும் இடையில் குறைந்தது ஓர் அங்குலம் விடுங்கள். தகடு உள்ளே நெளியத்தானே போடுகிறோம்.

தகடு போட்டபிறகும் ஒயில் விளக்கு எரிந்தால் வாடியைப் பார்க்காதீர்கள், எஞ்சினை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். சாயப் பரிசோதனையில் சிவப்புக் கோடு எழுந்தால் தகடு வேலையைத் தொடங்கவேண்டாம். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.